வாடகை வீட்டில் பெரட்டு

"உங்க ஆளுகளுக்கு லிஃப்ட்ல ஏறி இறங்கத் தெரியுமாம்மா?"

வீட்டைப் பார்க்கப் போன முதல் நாள் வீட்டுக்காரம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். நான்காம் மாடி. பூட்டைத் திறந்த சாவி இன்னும் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அதற்குச் சற்று முன்னால், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார் என்றேன்.

"ஓ, சிலோன்காரவுகளா!"

எங்கள் தீவுகளில் இந்த ஒரு சொல் போதும். தாத்தா காலத்தில் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி, நிக்கோபார் பக்கம் ஒரு தீவில் ரப்பர் வெட்ட இறக்கிவிடப்பட்டவர்கள் நாங்கள். அப்பா அப்போது நாலு வயதுப் பிள்ளை. இலங்கையில் அவருக்கு நினைவிருப்பது குளிர் மட்டும்தான். நான் அந்தக் குளிரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சிலோன்காரி. வீட்டுக்காரம்மா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் காண்ட்ராக்டர். அதனால் அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். பொங்கல் விழாவுக்கு நன்கொடை கேட்க வரும்போது எல்லோரும் தமிழர்கள். வீடு வாடகைக்கு என்று வரும்போதுதான் கோடு விழும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் ஜூனியர் இன்ஜினியர். லிஃப்ட் வரைபடங்கள் என் மேசைக்கு வந்து கையெழுத்தாகித்தான் மேலே போகும்.

"இந்த லிஃப்ட் எத்தனை கிலோ தாங்கும்னு சொல்லட்டுமா மேடம்?" என்றேன். "கீழ குழியில தண்ணி நிக்குது. அதையும் வேணா பாத்துச் சொல்றேன்."

"கோவப்படாதம்மா. நீ படிச்ச புள்ள. நீ மட்டும்னா எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஊர்லருந்து ஒவ்வொருத்தரா மூட்டையத் தூக்கிட்டு வந்து எறங்கினா?"

"எறங்கினா என்ன?"

"இது லக்சரி அபார்ட்மெண்டும்மா."

அவரைப் பொறுத்தவரை அது முழுமையான பதில். வாசல் வளைவிலும் அதையேதான் தங்க எழுத்தில் பதித்திருந்தார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து சிப்பிகாட் போகும் சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இந்தக் கட்டடம் நிற்கிறது. முன்னால் ஹார்டுவேர் கடைகள், டைல்ஸ் கடை, ஒரு கார் ஷோரூம். பின்னால், பால்கனியிலிருந்து பார்த்தால், தண்ணீருக்குள் வெளுத்துப்போன மரக்கட்டைகள் நிற்கும் ஒரு பரப்பு. வீட்டுக்காரம்மா கதவைத் தள்ளிவிட்டு, "ஸீ வியூ" என்றார். அது கடல் இல்லை. சுனாமியில் உப்புத்தண்ணீர் ஏறி, பிறகு வடியாமலே நின்றுபோன யாரோ ஒருவருடைய வயல். அடுத்தவன் மூழ்கின வயலைக் கடல் என்று சொல்லி வாடகை கேட்கிறவருக்கு என் அப்பா லிஃப்டில் ஏறுவாரா என்று கவலை.

ஏன் அந்த வீட்டையே எடுத்தாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். குவார்ட்டர்ஸ் வரிசையில் என் பெயர் எங்கோ அடியில் கிடக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏற முடியாது, அதனால் லிஃப்ட் வேண்டும் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் வீட்டுக்காரம்மாவின் அந்த லிஃப்ட் கேள்வியைக் கேட்ட பிறகு, அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போவது என்னால் ஆகாத காரியம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கே நுழையக் கூடாது என்று சொல்கிறார்களோ அங்கேதான் போய் உட்காருவேன். நல்ல குணமா என்று தெரியாது. அது இல்லாவிட்டால் எட்டாவதோடு நின்றிருப்பேன்.

ஒப்பந்தத்தை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். காண்ட்ராக்டர், "எல்லாரும் கையெழுத்துப் போடுற பேப்பர்தாம்மா அது" என்று இரண்டு முறை சொன்னார். எல்லோரும் படிக்காமல் போடுகிற பேப்பர் என்று அர்த்தம். ஐந்தாவது பத்தியில், குடியிருப்பவரும் அவருடைய குடும்பத்தினரும் வசிக்கலாம் என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம். அவர்களே அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மாதம் தனியாக இருந்தேன். எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கிஸ்கே கர் மே காம் கர்தீ ஹோ?" என்று கேட்டாள். யார் வீட்டில் வேலை செய்கிறாய் என்று. "அப்னே கர் மே" என்றேன். என் வீட்டில். அதன்பிறகு அவள் என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை. இடம் தாராளமாகிவிட்டது.

அப்பா ஓய்வு பெற்றார். அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை பாக்கி. அதனால் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், அவர்களுடைய ஒற்றை அறை அம்மா பெயரில் தொடரும். அம்மா வேலையை விட்டால் அறையும் போய்விடும். ஆனால் அந்த முழங்காலோடு மழையில் சரிவுகளில் ஏறி இறங்கி இன்னும் இரண்டு வருடம் பால் வெட்டினால், மூன்றாவது வருடம் அம்மா நடக்க மாட்டாள். இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஒரு மாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். வந்து பார்க்கட்டும், பிடித்தால் அப்படியே வேலையை விட்டுவிடட்டும் என்று கணக்குப் போட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கும்போது அப்பாவின் தோளில் ஒரு சாக்கு, அம்மாவின் கையில் ஒரு பை. சாக்கில் தேங்காய், பாக்கு, கருவாடு. ஆட்டோவில் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். நான் வந்து சேர்ந்தபோது செக்யூரிட்டி கண்ணாடிக் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"பீச்சே ஸே ஜாவோ, பீச்சே ஸே."

வேலைக்காரர்கள் போகிற பின்வழியைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கவும் ஆரம்பித்திருந்தார். அவரைக் கையைப் பிடித்துத் திருப்பி, செக்யூரிட்டியைக் கதவைத் திறக்கச் சொல்லி, கருவாட்டு வாசனையோடு நடுக்கூடம் வழியாக அழைத்துப்போனேன்.

"பின்னாடி வழியும் நல்லாத்தானே பாப்பா இருக்கு" என்றார் அப்பா.

"பேசாம வாங்கப்பா."

லிஃப்டை அவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். நாலாவது நாள் என் உதவி இல்லாமல் தானே இறங்கிப் போனார். எங்கே போனார் என்பதுதான் விஷயம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் தினமும் ஒரு விசில் ஊதுவார்கள். பெருக்குகிறவர்கள், தோட்டம் பார்க்கிறவர்கள், ஆறேழு பேர் வந்து வரிசையாக நிற்பார்கள். சூப்பர்வைசர் தலையை எண்ணி வேலை பிரித்துக்கொடுப்பான். ஐந்து மாதமாக அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதில் விழுவதே நின்றுவிட்டது. நான் எழுந்து வந்தபோது அம்மா கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"பெரட்டுக்குப் போயிருக்காரு."

பெரட்டு என்பது எங்கள் தோட்டத்துச் சொல். விடியும் முன்னால் ஆட்கள் எல்லோரும் களத்தில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். யாருக்கு எந்த மலை, எத்தனை மரம் என்று சொல்வார்கள். லயத்தில் குடியிருக்கிறவன் பெரட்டுக்கு வந்தாக வேண்டும்.

"எந்தப் பெரட்டு? இங்க ஏதும்மா பெரட்டு?"

"கீழதான். ஊதுறாங்கள்ல. நாம வந்த நாள்லருந்து ஊதுறாங்க, இந்த வீட்டுலருந்து ஒரு ஆளும் போகல. இவ்ளோ நல்ல வீட்டைக் குடுத்துட்டு சும்மா விடுவாங்களா? ஒம் பேரக் கெடுத்துருவாங்கன்னு அப்பாவுக்கு ஒரே வெசனம்."

பால்கனிக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நுழைவாயில் பக்கத்துச் செடி வேலி ஓரமாக அப்பா நின்றார். தலையில் துண்டு. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பெரிய கத்தரி. முக்கால்வாசி வேலியை வெட்டி முடித்திருந்தார், நூல் பிடித்ததுபோல.

நான் போட்டிருந்த நைட்டியோடு கீழே ஓடினேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"நயா ஆத்மி படியா ஹை மேடம்!" புது ஆள் நல்ல ஆளாம். வரிசைக் கடைசியில் வந்து நின்றாராம், ஏஜென்சி அனுப்பியிருக்கும் என்று கத்தரியைக் கொடுத்தானாம்.

"மேரே பாப் ஹை" என்றேன். என் அப்பா.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற அதிகாரி. காலை நடையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் போன்.

"அரே மேடம், அங்கிள் கோ ஷௌக் ஹை தோ கர்னே தீஜியே" என்று சிரித்தார். அங்கிளுக்கு ஆசையாக இருந்தால் செய்யட்டுமே என்று.

"வாங்கப்பா மேல" என்றேன்.

"இன்னும் அந்த ஓரம் பாக்கி இருக்கு பாப்பா. பாதியில வுட்டா நல்லாருக்காது."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அப்பா துண்டை அவிழ்த்துக் கத்தரியின் இரண்டு அலகையும் துடைத்தார். சூப்பர்வைசரிடம் போய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு, குனிந்து, "சுட்டி?" என்று கேட்டார். போகலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டார். என் தலைக்குள் ஏதோ அறுந்தது அந்த இடத்தில்தான்.

வீட்டுக்குள் வந்ததும் கத்தினேன். "ஏம்ப்பா என்னக் கேவலப்படுத்துறீங்க?" என்று கேட்டேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்து சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"வீடு குடுத்தவன் ஊதுறான். போகாம என்னா செய்ய?"

"யாரும் வீடு குடுக்கலப்பா. வாடகை குடுக்குறேன் மாசாமாசம்."

"வாடகையா? வேல இல்லையா?"

"வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காசு மட்டும்."

"காசு நின்னுட்டா?"

"போகச் சொல்லுவாங்க."

"லயத்துல அப்படி காசு கேட்டதில்லையே பாப்பா."

"அங்க மட்டும் என்ன? வேல நின்னா அங்கயும் போகத்தானே சொல்றாங்க? நாப்பது வருசம் வெட்டுனீங்களே, அந்த ரூம் உங்க பேர்லயா இருக்கு இப்ப?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், போதும் நிறுத்து என்று இருந்தது. வேலை இல்லாமல் ஒரு வீடு வரும் என்று அப்பாவின் வாழ்நாளில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. கப்பல் டிக்கெட் எடுத்தேன், மெத்தை வாங்கினேன், கீசர் போடக் கற்றுக்கொடுத்தேன். வாடகை என்றால் என்ன என்று சொல்லத் தோன்றவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் நானும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே இனம்.

மதியத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் படம் வந்தது. தலையில் துண்டோடு, பக்கவாட்டில் எடுத்தது. "வேலையாட்களின் குடும்பங்கள் ஃபிளாட்களில் தங்கலாமா? செயலாளர் விளக்கம் தரவும்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். கீழே ஏழெட்டுக் கட்டைவிரல். செயலாளர் விளக்கம் தந்தார். விருந்தினர் பதினைந்து நாளுக்கு மேல் தங்க வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டும்.

வீட்டுக்காரம்மா போனில் வந்தார்.

"என்னம்மா இது? ஒங்கப்பா கீழ செடி வெட்டுறாராமே? ஆபீசருக்கு வீடு குடுத்திருக்கேன்னு பாத்தா..."

"ஆபீசருக்குத்தான் குடுத்திருக்கீங்க. ஆபீசரோட அப்பா அவரு."

"லெட்டரெல்லாம் என்னால தர முடியாது. ஒரு ஆளுக்குத்தான் நான் வீடு குடுத்தேன்."

"அஞ்சாவது பாராவ எடுத்துப் படிங்க மேடம். குடும்பத்தினரும்னு போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்து கீழ இருக்கு."

"சட்டம் பேசுற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா குடுத்தே இருக்க மாட்டோம்."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

"அடுத்த கப்பல் என்னைக்குன்னு பாரு பாப்பா. நாங்க போறோம். அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்ல. லயம் இருக்கு."

"அந்தக் காலோட அம்மா மலை ஏறுவாங்களா?"

"நான் தொணைக்குப் போறேன். அவ மரத்தையும் நானே வெட்டிருவேன். யாரு பாக்கப் போறா?"

"அப்பா!"

"நீ தனியா இருந்தா இங்க மதிப்பா இருப்ப. நாங்க இருந்தா உனக்குத்தானே கேவலம்."

என் வார்த்தையை அவர் கோபமில்லாமல் எனக்கே திருப்பிக் கொடுத்தார். செயலாளர் மேல், வீட்டுக்காரம்மா மேல், கட்டைவிரல் போட்ட ஏழெட்டுப் பேர் மேல் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் ஒரு நிமிடம் என் பக்கம் திரும்பி நின்றது. பிறகு அவர்கள் பக்கமே போய்விட்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பல் வியாழக்கிழமை. அப்பா பிடிவாதமாக இருந்ததால் இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன். இங்கே வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை போலீஸில் பதிய வேண்டும். என் பெயர் மட்டும்தான் பதிந்திருந்தது. புதுப் படிவம் வாங்கி, கூடக் குடியிருப்பவர்கள் என்ற இடத்தில் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் எழுத்தர் "ரிடையர்ட்" என்று மட்டும் போடச் சொன்னார். நான் "ரப்பர் வெட்டும் தொழிலாளி, ஓய்வு" என்று முழுசாக எழுதினேன். முத்திரை வாங்கி மூன்று நகல் எடுத்தேன்.

செயலாளர் அன்றைய மாலை நடையில் இருந்தார். அவர் முன்னால் போய் நின்று நகலை நீட்டினேன்.

"யே க்யா ஹை?" இது என்ன என்றார்.

"விருந்தினர் இல்ல சார். குடியிருக்கிறவங்க. போலீஸ் முத்திரை இருக்கு. குரூப்புல இதையும் படம் பிடிச்சுப் போடுங்க" என்று ஹிந்தியிலேயே சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் தேடினார். தேடி எடுத்துப் போட்டுப் படித்து முடிக்கும் வரை நகராமல் நின்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குழுவில் எதுவும் வரவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு நகலைத் தபாலில் அனுப்பினேன். நேரில் போயிருக்கலாம். அவர் கொடுக்கும் காபியைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அம்மாவிடம் ஒரு தாளை எடுத்துவந்தேன். தோட்டத்து ஆபீசுக்கு எழுதிய விருப்ப ஓய்வுக் கடிதம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அம்மா உடனே கையை நீட்டவில்லை. "இதக் குடுத்துட்டா திரும்பிப் போக எடம் இருக்காது பாப்பா."

"தெரியும்மா."

"இந்த ஆளுக தொரத்துனா?"

"ஒப்பந்தம் முடியுற வரைக்கும் முடியாது. அப்புறம் வேற வீடு பாப்பேன். லிஃப்ட் ரெண்டா இருக்குற வீடு."

அம்மா சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். "ஒனக்கு வாய் மட்டும் தொரை வீட்டு வாய்டி."

"நானா ஒண்ணும் உங்கள வற்புறுத்தலம்மா. உங்களுக்குப் போகணும்னா நாளைக்குக் கப்பல் இருக்கு."

"போயி என்னத்த வெட்ட? தேஞ்ச கால் எனக்கு, அப்பாவுக்கா?" என்றாள் அம்மா. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் என்னிடம் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேசவில்லை. மை டப்பாவை நான் திறந்தபோது எழுந்து வந்தார். நான் அம்மாவின் விரலைப் பிடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்படி அமுக்குனா அப்பிக்கும், தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் பெருவிரலை ஓரத்திலிருந்து ஓரம் வரை மையில் உருட்டி, தாளில் ஒரே உருட்டாக உருட்டி எடுத்தார். நாற்பது வருடச் சம்பள நாட்களில் பழகிய கை. ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

"டிக்கெட்ட என்னா செய்வ?" என்று கேட்டார்.

"கேன்சல் பண்ணிக்கலாம்ப்பா."

"ம்."

அவ்வளவுதான் பேசினார். என்னை மன்னித்தாரா என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கப்பல் துறைக்குப் போய் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தேன். எங்கள் தீவுக்குப் போகும் பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி வரிசையில் நின்றிருந்தாள். அம்மாவின் ஓய்வுக் கடிதம் இருந்த உறையை அவள் கையில் கொடுத்து, ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கப்பல் பத்து மணிக்குக் கிளம்பியது.